துப்பாக்கி மேசைக்குச் சாமான் வாங்கிய கதை

துப்பாக்கித் தொழிலில் சுடுவதற்கு ஊர்ப்பட்ட ஆள் வருவார்கள். கழற்றுவதற்கு மட்டும் ஒரே ஒருவன்தான் இருப்பான்.

அந்த ஒருவன் நான். ராணுவத்தில் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுக்கிற வேலை. இளமை முழுவதும் அதிலேயே போனது. ஓய்வு பெற்று வந்த பிறகு, வேலூரில் பாகாயம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ரைஃபிள் கிளப்பில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். ராணுவத்தில் மேசையும் சாமானும் தயாராக இருக்கும். போய் உட்கார்ந்தால் போதும். இங்கே ஒரு காலி அறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். "மேசைக்கு இன்னா இன்னா வேணுமோ நீங்களே பாத்து வாங்கிக்குங்க மாஸ்டர்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு விதியும் சொன்னார். ரைஃபிள் திறந்து கிடக்கும்போது அறைக்குள் இன்னொரு ஆள் இருக்கக் கூடாது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் என் மேசையில் ஏதாவது ஒரு ரைஃபிள் எப்போதும் திறந்துதான் கிடக்கும்.

வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர்கள், பல்செட் செய்பவர்கள், செல்போனைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பவர்கள், இப்படி ஒரு மேசையோடு மட்டும் பகலைக் கழிக்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் சொல்வது அவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குப் புரிந்தால் லாபம்.

திருப்புளிக்குப் பொருத்தம்

முதலில் திருப்புளி வாங்கப் போனேன். துப்பாக்கியில் இருக்கும் ஸ்க்ரூ ஃபேனில் இருக்கும் ஸ்க்ரூ மாதிரி கிடையாது. அதன் பள்ளம் குறுகலாக இருக்கும்; இரண்டு ஓரமும் நேர்ச் சுவராக இறங்கும். திருப்புளியின் நுனி அந்தப் பள்ளத்தை முழுசாக நிரப்ப வேண்டும், அகலத்திலும் சரி, கனத்திலும் சரி. கொஞ்சம் மெலிந்திருந்தால்கூட வழுக்கிப் போய்ப் பக்கத்து இரும்பில் கோடு இழுத்துவிடும். அந்தக் கோடு அப்புறம் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். அதனால் சட்டைப் பையில் நாலைந்து ஸ்க்ரூவைப் போட்டுக்கொண்டு பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுதான். பத்து முனை மாற்றிப் போடுகிற டப்பா செட் ஒன்றை எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு திருப்புளியாக வாங்கி, ஸ்க்ரூவில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் தள்ளி வைத்தேன்.

அவருக்கு முதலில் எரிச்சல், அப்புறம் வேடிக்கை. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். "வீடு எங்க சார், வேலூர்தானா?" என்றார். நான் இங்கே பாகாயத்தில் ரூம் எடுத்திருக்கிறேன், வீட்டில் அவங்க கலவையில் இருக்காங்க என்றேன். என் மனைவி தேவகி, கலவை என்ற ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் சர்வீஸில் இருந்த காலம் பூராவும் அவள் அந்த வீட்டில் தனியாகவே இருந்து பழகிவிட்டாள். நான் நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது எந்த அலமாரியில் என் சட்டையை வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சும் இல்லை. வேலூரில் வேலை என்றதும் இரண்டு பேருக்குமே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. கடைசியாக ஒரு திருப்புளி, பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சிரித்தபடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"ஒரு ஸ்க்ரூவுக்கு இம்மாம் பொருத்தம் பாக்குற ஆளு, வீட்டம்மாவ இன்னாத்துக்கு சார் கலவைல உட்டு வெச்சிருக்கீங்க?"

வைஸுக்குத் தோல்

அடுத்தது வைஸ். மேசை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கி, சாமானைக் கவ்விப் பிடிக்க வைக்கும் இரும்புத் தாடை. கனமான வைஸாகப் பார்த்து ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கினேன். ஆனால் வெறும் தாடையில் ரைஃபிளின் குழலை வைத்து இறுக்கினால் பல் பதிந்துவிடும். இரண்டு தாடைக்கும் உள்பக்கம் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். ரப்பர் வைத்தால் எண்ணெய் பட்டு ஊறி நாறிவிடும். தடித்த தோல்தான் சரி. தோல் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு யோசிக்க வேண்டுமா என்று ஒரு மத்தியானம் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

ஷூ கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கி விற்கிற ஒரு கடை. வாசல் பூராவும் சாக்குமூட்டை. உள்ளே ஒரு பாய், அவர் மனைவி, அவர் தம்பி, தம்பி மனைவி என்று மொத்தக் குடும்பமும் தரையில் உட்கார்ந்து தோலைக் கனம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உருதுவில் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து ஒரே சிரிப்பு. எனக்கு ராணுவ ஹிந்தி தெரியும் என்பதால் பாதி புரிந்தது. தம்பி மனைவி அன்றைக்குச் செய்த சாம்பாரைப் பற்றிய பேச்சு. சிரிப்பு வந்ததும் நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளியாள் என்பது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. செருப்பு அடிப்பாகத்துக்கு வைக்கிற தடித்த தோலில் ஒரு துண்டு கேட்டேன். ஒரு துண்டு போதும், நானே வெட்டிக்கொள்வேன் என்றேன். பாய் தோலைத் தட்டிப் பார்த்து, கத்தியால் ஒரே இழுப்பில் இரண்டு சமமான துண்டாக்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து நீட்டினார்.

"இது செருப்பு ஊரு சார். இங்க ஒத்தையா எதையும் குடுத்து அனுப்ப மாட்டோம்."

கிட்னி ட்ரே

வைஸும் திருப்புளியும் வந்துவிட்டதே என்று வேலையை ஆரம்பித்தேன். ஒரு ரைஃபிளின் போல்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் தண்டைக் கழற்றும்போது உள்ளே இருந்த குட்டி ஸ்பிரிங் ஒன்று எகிறிக் குதித்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மேசைக்குக் கீழே, கதவு இடுக்கில், என் செருப்புக்குள் என்று மத்தியானம் முழுக்கத் தரையில் தவழ்ந்தேன். "அந்தப் பக்கம் பாரு" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பாதி நேரத்தில் கிடைத்திருக்கும். கடைசியில் என் சட்டைக் காலர் மடிப்பில் இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: ஓரம் உயர்ந்த தட்டு ஒன்று வேண்டும், நுனி மெலிந்த இடுக்கி வேண்டும், தலையில் மாட்டுகிற லைட் வேண்டும். இதெல்லாம் ஹார்டுவேர் கடையில் சுமாராகத்தான் கிடைக்கும். வேலூரில் இதற்கு இன்னும் நல்ல இடம் இருக்கிறது.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் வரிசையாக சர்ஜிகல் கடைகள். இந்தியாவின் எந்த மூலையிலிருந்தோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அங்கே நிற்பார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்து முதலில் பெங்காலியில் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னதும் சிரித்தார். கிட்னி ட்ரே, ஃபோர்செப்ஸ், பஞ்சுச் சுருள், கையுறை, தலை லைட் என்று கேட்கக் கேட்க எடுத்து வைத்தார். வைத்தவர் கை கொஞ்சம் நிதானமானது. "வீட்லயே டிரெஸ்ஸிங் பண்றீங்களா சார்? யாருக்கு?" என்றார். துப்பாக்கிக்கு என்று சொன்னால் கதையாகிவிடும். சும்மா தலையை ஆட்டினேன். அவருடைய குரல் அப்படியே தாழ்ந்துவிட்டது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அது பொய்யில்லை. பையைக் கையில் கொடுக்கும்போது, கூட ஒரு சின்ன பஞ்சுப் பொட்டலத்தைச் சும்மாவே போட்டுவிட்டுச் சொன்னார்:

"கூட மாட ஒரு ஆள வெச்சுக்குங்க சார். தனியா இருந்தா பாக்குறவங்களுக்கும் சீக்கு வந்துடும்."

நீளமான பார்சல்

குழலைச் சுத்தம் செய்யும் கம்பி, அதாவது க்ளீனிங் ராடு, ஒரே நீளமாக இருக்க வேண்டும். மூன்று துண்டாக முறுக்கி இணைக்கிற கம்பியில் ஒவ்வொரு இணைப்பும் குழலின் உள்சுவரை உரசும். அதைப் பின்பக்கத்திலிருந்து விட வேண்டும். முன்வாயில் விட்டால் வாய் தேய்ந்து குறி தவறும். இங்கே கிடைக்கவில்லை என்று வெளியூரிலிருந்து வரவழைத்தேன். வந்து சேர்ந்தது தேர்தல் நேரத்தில். தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். சுடும் ரேஞ்சில் ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. மேசையைத் துடைப்பேன், திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்குவேன், மறுபடி கலைத்து அடுக்குவேன். ஜன்னல் வழியே மலையில் ஆடு மேய்வதைப் பார்ப்பேன். அந்த வாரம் கேட்டைத் திறந்துகொண்டு வந்த ஒரே மனுஷன் கூரியர்காரர்தான். என்னைவிட உயரமான பார்சலைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் வரை அதைத் தடவித் தடவிப் பார்த்தார். தண்ணீர் குடிக்கிறீர்களா, உட்காருங்கள் என்றெல்லாம் கேட்டேன். அவருக்கு இன்னும் நிறைய வீடு பாக்கி. வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் மனதில் இருந்ததைக் கேட்டார்:

"பாலாத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, இத்த எடுத்துனு எங்க சார் மீன் புடிக்கப் போறீங்க?"

சிவப்பு ஒயர்

இது கொஞ்சம் பெரிய கதை. கிளப்பில் எனக்கென்று இருந்த ஒரே தோஸ்த் ரஷீத் பாய். ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிறவர்களுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறவர். சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் சுடுவார். அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கோடு என் ஜன்னலுக்கு வெளியே திண்டில் உட்கார்ந்துகொள்வார். விதிப்படி நான் உள்ளே, அவர் வெளியே. கம்பிக்கு நடுவே டீ வரும். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன். அவர் மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசுவார். எந்தப் பிள்ளை எந்த வார்த்தையைத் தப்பாகச் சொல்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நான் பேச வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள் வந்த வேகத்திலேயே ரைஃபிளை உறையோடு கொடுத்தார். "ட்ரிகர் கொஞ்சம் கனமா இருக்கு மாஸ்டர், பாருங்க. காலிதான்." காலிதான் என்று கடவுளே சொன்னாலும் ஆர்மரர் திறந்து பார்க்க வேண்டும். குழல்வாயைச் சுவர் பக்கம் திருப்பி போல்டை இழுத்தேன். ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்து மேசையில் உருண்டது. வெடிக்காத, உயிருள்ள தோட்டா. உருண்டு நிற்கும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வந்திருக்கிறது. அவசரமாக உறையில் போட்டுவிட்டார். அந்தத் துப்பாக்கி அப்போதிருந்தே காரின் பின்சீட்டில் கிடந்திருக்கிறது. அதே சீட்டில் உட்கார வைத்துத்தான் அன்று காலை பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் முகம் வெளுத்து, திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாஸ்டர், இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். நான் அந்தத் தோட்டாவை எடுத்துக் கிட்னி ட்ரேயில் போட்டேன்.

மறுநாள் காலை செயலாளரிடம் சொல்லிவிட்டேன். காலிதான் என்று ஒருவன் சொன்னதை நம்பி, என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த பையன் ஒருவன் வீடு திரும்பாமல் போனதை ராணுவத்தில் பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு முந்தின இரவு முழுக்க அந்த முகமும், பார்த்தேயிராத அந்தப் பேரப்பிள்ளைகளின் முகமும் மாறி மாறி வந்தன. கிளப்பில் ரஷீத் பாயைச் சில மாதம் வரக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அதற்கப்புறம் நான் புல் வெட்டும் மிஷினில் போடுகிற தடித்த சிவப்பு நைலான் ஒயரை வாங்கி, நீளம் பார்த்து வெட்டி, எல்லோருக்கும் ஒன்று கொடுத்தேன். குழலுக்குள் விட்டால் முன்னாலும் பின்னாலும் ஒயர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே தோட்டா இருந்தால் ஒயர் போகாது. ஒயர் தெரியாத ரைஃபிள் என் மேசைக்கு வராது. நான் வாங்கிய சாமான்களிலேயே மலிவானது அது. அதைவிட உருப்படியானது எதுவும் என்னிடம் இல்லை.

தடை முடிந்து ரஷீத் பாய் வந்தார். அவர் ரைஃபிளில் சிவப்பு ஒயர் சரியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றார். உட்காரவில்லை. பிளாஸ்க் கொண்டு வந்திருக்கிறாரா என்று நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்க பண்ணது சரி மாஸ்டர், என் பேரப்புள்ளைங்க மேல ஆணையா சரி. ஆனா இந்த ஜன்னல்ல ஒக்காந்து டீ குடிக்க இனிமே மனசு வராது."

பள்ளிக்கூடத்து ரைஃபிள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கலவைக்குப் போவேன். தேவகி சமைத்து வைத்திருப்பாள். சாப்பிடுவேன். கொஞ்ச நேரம் பேப்பர் பார்ப்பேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அப்படி ஒரு ஞாயிறு, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வியாழக்கிழம எங்க ஸ்கூல் பொண்ணுங்கள செலக்‌ஷனுக்குக் கூட்டினு உங்க கிளப்புக்கு வர்றேன்" என்றாள். சரி என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

வியாழக்கிழமை ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஏர் ரைஃபிள் அணிக்குத் தேர்வுப் போட்டி. அதில் சங்கீதா என்ற பெண்ணுக்குக் குண்டு, குறி அட்டையில் ஒரே இடத்தில் சேராமல் கண்டபடி போனது. அவள் அழுதுகொண்டே சுட்டாள். பள்ளிக்கூடத்து ரைஃபிளை வாங்கிப் பார்த்தேன். குறி பார்க்கக் கண் வைக்கும் பின்பக்கக் குறிக்கட்டையின் ஸ்க்ரூ தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. யாரோ பொருந்தாத திருப்புளியால் முறுக்கி அதன் பள்ளத்தையே கெடுத்து வைத்திருந்தார்கள். தோட்டா சம்பந்தமில்லாத ஏர் ரைஃபிள் என்பதால் வராந்தாவிலேயே ஒரு டேபிளை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். தேவகி நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு நின்றபடியே வேலையைப் பார்த்தேன். ஸ்க்ரூவை மெல்ல எடுத்து, பள்ளத்தை அரத்தால் சீர்செய்து, மறுபடி போட்டு, முறுக்கி, ஆட்டிப் பார்த்து, திரும்ப முறுக்கினேன். சுற்றிலும் பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது எதுவும் என் காதில் விழவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தேவகி ரைஃபிளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கீதா தேர்வாகவில்லை. அதற்குள் பாதி ஆட்டம் கெட்டிருந்தது. ஆனால் ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்திருந்தன. அந்த அட்டையை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். தேவகி பெண்களை எண்ணி ஏற்றிவிட்டு, கடைசியாகப் படியில் கால் வைத்தவள் இறங்கி வந்தாள். வேனில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"இத்தினி வருஷமா வீட்ல நீங்க பேசாம ஒக்காந்திருந்தா எம்மேல கோவம்னு நெனச்சினு இருந்தேன். ஒங்க மொகமே அப்பிடித்தான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ஆக, கழற்றுவதற்கு வேண்டிய சாமான் ஒன்றுவிடாமல் என் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுபடி பூட்டுவதற்குத்தான் இப்போது ஞாயிறு போதாமல் சனிக்கிழமை மத்தியானமே கலவை பஸ் ஏற வேண்டியிருக்கிறது.